படமெடுக்கும் சொல்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பா,

பொய்ப்பகட்டைக் குறிக்கும் சொற்களை மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். வெறும் பட்டியலாகப் பலகையில் எழுதிப் போட்டுவிடாதே, அம்மா. பாசாங்கு, பகட்டு, ஆடம்பரம், ஜம்பம் எல்லாம் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்துவிட்டு, “கல்யாணத்தைப் பாசாங்காக நடத்தினார்கள்” என்று கட்டுரையில் எழுதி வைப்பார்கள்.

படாடோபத்திலிருந்து தொடங்கு. வடமொழியில் ‘படா’ என்பது பாம்பின் படம். ‘ஆடோபம்’ அது புடைத்து விரிவது. விஷமில்லாத பாம்பும் படமெடுக்கத்தான் வேண்டும், விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரிந்த படமே பயமுறுத்தும் என்று பழைய சுலோகம் ஒன்று உண்டு. உள்ளே சரக்கில்லாமல் வெளியே மிரட்டுவது என்ற பொருள் அந்தப் பாம்பிலேயே இருக்கிறது. ‘படா + ஆடோபம்’ என்று பிரித்துக் காட்டினால், ‘படோடோபம்’ என்று எழுதும் பிழையும் அதோடு போய்விடும்.

ஆடம்பரம் வேறு. அது முதலில் ஒருவகை முரசு, பிறகு அதன் பேரொலி, அப்புறம்தான் ஆரவாரம். அதில் பொய் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வசதி உள்ளவர் கைக்காசைக் கொட்டிச் செய்யும் கல்யாணமும் ஆடம்பரம்தான். வசதி இல்லாமலே இருப்பதுபோல் காட்டினால் டம்பம். டாம்பீகம் அதன் வழி வந்தது. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் அது ‘இடம்பம்’ என்றும் எழுதப்பட்டது.

பாசாங்குக்குக் காசே வேண்டாம். விழித்திருப்பவன் தூங்குவதுபோல் கிடந்தால் போதும். மலாயில் ‘பூரா-பூரா’ என்று சொல், சட்டென்று புரிந்துகொள்வார்கள். அவர்கள் வாயில் நாள் முழுக்கப் புரளும் ‘ஆக்‌ஷன்’ ஜம்பத்துக்குப் பக்கத்தில் வரும். பந்தாவும் அந்த வகைதான்.

எந்தச் சொல்லையும் அதற்குரிய வினையோடு சேர்த்தே எழுது. ஜம்பம் அடிப்பார்கள், வேஷம் போடுவார்கள், பாசாங்கு செய்வார்கள், பம்மாத்து பண்ணுவார்கள், பந்தா காட்டுவார்கள். ‘பாசாங்கு அடித்தான்’ என்றால் காது ஒப்பாது. பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். “உன் ஜம்பம் இங்கே சாயாது” என்பதுபோல் வழக்கில் உள்ள வாக்கியம் ஒன்றையும் கூடவே கொடு.

நீலிக்கண்ணீருக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலி என்ற பேய்மகள் சபையில் அழுதாள். அவனுக்கு ஏதும் ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு அனுப்பினார்கள். அவள் கையில் அவன் மாண்டான். சொன்ன சொல் தவறாமல் அவர்கள் தீயில் இறங்கினார்கள். அதனால் ‘பொய்யான அழுகை’ என்று மட்டும் பொருள் எழுதினால் எனக்கு அது போதாது. நம்பியவர் குடியைக் கெடுக்கும் அழுகை என்று எழுதச் சொல்.

படிறு என்றொரு பழந்தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. வஞ்சகம் என்று பொருள். கூடாவொழுக்கம் அதிகாரத்தின் முதல் குறளில், 271இல், ‘படிற்றொழுக்கம்’ என்று வரும். அதை ஐந்தாம் படிவத்துக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா