ராத்திரி ஒன்றரை மணிக்கு யாருக்குப் பதில் போடுகிறாய்?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம் போலத்தான். எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, இன்னொரு கால் வருது" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலோடு எத்தனை நேரம் பேசுவது? போன தடவை நீ வந்திருந்தபோது சித்தி வீட்டுக் கல்யாண விஷயத்தை ஒரே நாளில் ரெண்டு தடவை சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ரெண்டு தடவையும் போனைப் பார்த்தபடியே "ம்" என்றாய். கோபமில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

முந்தாநாள் ராத்திரி அப்பா விளக்கைப் போட்டதில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மணி பார்க்கப் போனை எடுத்தால் நீ ஆன்லைனில் இருக்கிறாய். ஒன்றரை மணி. அந்த நேரத்தில் உன்னிடம் யார் என்ன கேட்டார்கள்? கேட்டால்தான் என்ன, விடிந்தபின் சொன்னால் ஆகாதா? கடைசியாக எப்போது வந்தோம் என்பதை வாட்ஸ்அப்பில் ஆள் பார்த்து மறைக்கலாமாம். எனக்கு மறைத்துவிடாதே.

பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளை போன வாரம் பேச்சுவாக்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல அத்தை, சும்மா ஒரு செக்கப்" என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் தோண்டிக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். படுக்கிற அறையில் போனை வைக்காதே என்று மட்டும் சொல்கிறேன். அலாரத்துக்கு வேண்டும் என்பாய். அலாரக் கடிகாரம் என்று ஒரு பொருள் இன்னமும் விற்கிறார்கள்.

அம்மாவுக்கு உங்கள் ஆபீஸ் என்ன தெரியும் என்று நினைக்காதே. நானும் ஆபீஸில்தான் தலை நரைத்தேன். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது நகல் வேண்டுமென்றால் கார்பன் பேப்பர்தான். ஒரு தாள், அதன் கீழே கார்பன், கீழே மெல்லிய தாள், மறுபடி கார்பன். எல்லாவற்றையும் மேஜையில் தட்டி விளிம்பைச் சேர்த்து உருளையில் சுற்றுவோம். சுற்றும்போது ஒன்று நழுவினாலும் மொத்தமும் கோணல். நாலாவது நகலே மங்கிவிடும், ஐந்தாவதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் படிக்கவேண்டும். ஓர் எழுத்து தப்பினால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக அழிக்கணும், அழிக்கும்போது அடுத்த தாளில் கறை ஒட்டாமல் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகணும். அதனால் "நகல் யார் யாருக்கு?" என்று மேலதிகாரியைக் கேட்காமல் யாரும் மிஷினில் உட்காரமாட்டோம். அவரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார். "இவருக்கு வேண்டாம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஒரு பெயரை அடிப்பார்.

உங்கள் மெயிலில் சிசி என்று போடுகிறீர்களே, அது அந்தக் கார்பன் நகல்தான். இப்போது மங்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை, நாற்பது பேருக்கு ஒரே தட்டில் போய்விடுகிறது. அந்த நாற்பது பேரும் திறந்து பார்க்கணும். அதில் ரெண்டு பேர் "நன்றி" என்று நாற்பது பேருக்கும் பதில் போடுவார்கள், அதையும் திறந்து பார்க்கணும். இதில் பாதி எனக்குச் சம்பந்தமே இல்லாததும்மா என்று நீயே அன்றைக்குக் காட்டினாய். அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். விரலில் ஏறிய கார்பன் கறை சாயங்காலம் வரை போகாது. ஆனால் அனுப்பும் முன் "நகல் யாருக்கு?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வதில் உனக்கு என்ன குறைந்துவிடும்?

தபாலும் அப்படித்தான். காலையில் ஒரு தடவை வரும், மத்தியானம் ஒரு தடவை வரும். பதிவேட்டில் ஏற்றியபின் மேஜைக்கு வரும். நடுவில் யாரும் காதருகே மணி அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்போது அப்படி நடக்குமா என்பாய். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு 3 தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம் போலப் பார்க்கச் சொன்னார்கள். 3 தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்ததாம். 2015-ல் வந்த ஆய்வு.

அமெரிக்காவில் இர்வைன் என்ற ஊரில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் குளோரியா மார்க் என்று ஒரு பேராசிரியை. இந்த வேலைக் குறுக்கீடுகளைத்தான் ரொம்ப வருஷமாக ஆராய்கிறார். 2012-ல் 13 பேருக்கு அஞ்சு நாள் மெயிலையே நிறுத்தி, மார்பில் இதயத்துடிப்பு அளக்கிற கருவியைக் கட்டிவிட்டார். மெயில் பார்த்துக்கொண்டிருந்தபோது மணிக்கு 37 தடவை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறார்கள். மெயில் இல்லாதபோது அது 18 ஆனது. மெயில் இருந்த நாட்களில் இதயம் எந்நேரமும் உஷாராகவே துடித்ததாம், நிறுத்திய பிறகுதான் துடிப்பு இயல்பாக ஏறி இறங்க ஆரம்பித்ததாம். அஞ்சே நாளில்! 13 பேரை வைத்து உலகத்துக்கே சொல்ல முடியாதுதான். ஆனால் இதயம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அதை ரெண்டு தடவை படித்தேன். எதற்கு என்று நீ கேட்கவேண்டாம்.

அந்தப் பேராசிரியை இன்னொன்றும் சொல்கிறார். மேலதிகாரி "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் மெயில் இல்லாமல் இருப்பது ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். இப்போது உன் டீமுக்கு மேலதிகாரி யார்? நீதானே. நீ டீம் லீடர் ஆன செய்தியை அப்பா இன்னும் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொன்னவரிடமே மறுபடி சொல்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ ராத்திரி பதினொன்றுக்கு அனுப்பும் ஒரு வரியைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து பதில் அடித்துக்கொண்டிருப்பாள். "உடனே வேண்டாம்னுதான் போட்டேம்மா" என்பாய். அது அவளுக்குத் தெரியுமா? ராத்திரி தோன்றியதை ராத்திரியே எழுதிக்கொள், காலை 9 மணிக்குப் போகிற மாதிரி வைத்துவிடு. ஜிமெயிலில் 2019-லிருந்தே அந்த வசதி இருக்கிறது, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்கே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து என்ன, வாசலை நாமே திறந்து வைத்துக்கொண்டால்?

இன்னொன்று. ஒரே விஷயத்தை மெயிலில் எழுதுகிறீர்கள், உடனே சாட்டில் "மெயில் பார்த்தீங்களா" என்று கேட்கிறீர்கள், பிறகு வாட்ஸ்அப்பில் அதையே தட்டுகிறீர்கள், கடைசியில் போன் பண்ணிப் பேசி முடிக்கிறீர்கள். அந்தக் கடைசிப் போனை முதலிலேயே பண்ணினால் மூன்று வேலை மிச்சம். அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் மெயில் என்று உன் டீமுக்குச் சொல்லி வை. ஐகான் மேல் சிவப்பாக எண் காட்டுகிறதே, அதை அணைத்துவிடு. குரூப்புகளை எப்போதைக்கும் மியூட்டில் போடு. தொந்தரவு செய்யாதே என்று போனில் இருப்பதைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை, குழந்தையின் ஸ்கூல், நான், இந்த மூன்று எண் மட்டும் மணி அடிக்கும்படி வை. போனைப் படுக்கிற அறைக்கு வெளியே வை. சொன்னதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நீ "ம்" சொல்லிவிட்டு மறந்துபோவாய் என்றுதான் சொல்கிறேன்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. உன் பொண்ணின் முதல் நடையை நாங்கள் பார்த்ததே அந்தப் போனில்தான். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது நாலு மணி நேரம் இடத்தை விட்டு அசையாத பிள்ளை நீ. கூப்பிட்டால் காதில் விழாது, எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் இப்போது வந்தால் தேவலை.

சரி, கேட்கமாட்டேன் என்று மேலே எழுதினேன். கேட்கிறேன். ஈசிஜி எடுத்தாயா? டாக்டர் என்ன சொன்னார்? படபடப்பு ராத்திரியில் மட்டும் வருகிறதா, பகலிலுமா? மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் முழுதாக ஒன்றும் சொல்லவில்லை, குரலை வைத்து நானாகப் புரிந்துகொண்டேன். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அப்பா என் போனை எடுத்துப் பார்ப்பார். பெரியப்பாவுக்கு அப்படி ஆனதிலிருந்து இந்தப் பேச்சு அவர் காதில் விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் நடக்கப் போய்விடுவார். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா