வேலை போனால் விசா என்னாகும்?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் 'ஸ்பொன்சரோடு வேலை', அதாவது வெளிநாட்டு நிறுவனமே விசாவுக்குப் பொறுப்பு நிற்கும் வேலை, என்ற விளம்பரங்களை எங்கள் பக்கத்தில் வெட்டியெடுத்து வைத்திருப்பவர்கள் பலர். அந்த வேலை இடையில் போனால் விசாவுக்கு என்ன நடக்கும் என்று அந்த விளம்பரங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. செய்திப் பக்கத்திலும் நான் காணவில்லை.

என் தங்கையின் மகள், 2022இல் பிரித்தானியா கெயார் வேலையாட்களுக்கு (முதியோர், நோயாளரைப் பராமரிப்பவர்களுக்கு) விசா கொடுக்கத் தொடங்கியபோது போனவள். மூன்று வருட விசா. அது முடியும் நேரம் நிறுவனமே மறுபடி ஸ்பொன்சர் சான்றிதழ் (இவருக்கு வேலை தருகிறோம் என்று விசாவுக்குக் காட்டும் பதிவு) கொடுத்தது, நீடிப்புக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. பதில் வருமுன் ஆட்குறைப்பு என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். ஒருவரின் வேலை நின்றால் நிறுவனம் 10 வேலைநாளுக்குள் அந்நாட்டு உள்துறைக்கு அறிவிக்க வேண்டும். சான்றிதழை மீளப் பெற்றுவிட்டால் அதை வைத்துப் போட்ட விண்ணப்பமும் நிற்காது. விசாவில் பெயர் பிள்ளையுடையது, கயிறு முதலாளியின் கையில்.

விசாவில் இன்னும் காலம் இருப்பவர்களுக்கு வேறு ஸ்பொன்சர் தேடவோ நாடு திரும்பவோ வழமையாக 60 நாள் தருவார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் இருக்கிற நாள்தான். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர், முடிவு வருமுன் வேறு நிறுவனத்தின் சான்றிதழோடு திரும்ப விண்ணப்பிக்கலாம். கட்டணம் இன்னொரு முறை கட்ட வேண்டும், அனுமதி வரும்வரை புதிய இடத்தில் வேலை தொடங்கவும் முடியாது. சம்பளம் இல்லை, அறை வாடகை மட்டும் நிற்காது.

தங்கை வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு இருக்கிறது. விசாப் பிரதி, நகை அடகு வைத்த துண்டு, இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயலை ஈடு வைத்த உறுதி எல்லாம் அதற்குள்தான். அந்த மாதம் காசு வராதபோது தாய் கேட்ட முதல் கேள்வி, "வட்டிக்கு என்ன செய்யிறது?" அவளைக் குறை சொல்ல மாட்டேன். 2009க்குப் பிறகு வெறுங்கையோடு வந்து திரும்பத் தேடிய காணி அது. ஆனால் இப்படி நெருக்கினால் பிள்ளை என்ன செய்யும்? சான்றிதழைக் காசுக்கு விற்கிறவனிடம்தான் போகும். ஸ்பொன்சர் சான்றிதழுக்கான கட்டணத்தை வேலையாளிடம் அறவிடக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் அங்கே விதி இருக்கிறது. இது எங்கள் சனத்துக்குத் தெரியாதது விற்கிறவனுக்கு நல்ல வசதி.

இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கெயார் நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்குமுன், இப்படி ஸ்பொன்சரை இழந்து அங்கேயே நிற்பவர்களிடம் தேடிப் பார்க்க வேண்டும் என்று விதித்தார்கள். 2025 ஜூலை 22உடன் வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்குப் புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 'கெயார் விசா' என்று ஆள் பிடிப்பவர்கள் இங்கே ஓய்ந்தபாடில்லை. விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது இதையும் ஒருக்கால் யோசியுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்ட பிறகு போடலாம்தானே? சந்தேகம் உள்ளவர்கள் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து விசாரிக்கலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்றே உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களின் குடும்ப விபரத்தைத் துருவித் துருவிக் கேட்பவர்கள், ஸ்பொன்சர் விசாவில் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருநாள் விளக்கம் சொல்லக்கூடாதா?

ஸ்பொன்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசு இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் வேலை நிச்சயம் என்று அர்த்தமில்லை, ஆனால் பெயரே இல்லாத நிறுவனத்துக்குக் காசு கட்டாமல் தப்பலாம். அதைத் தேடிப் பார்க்கும் விதத்தைத் தமிழில் ஒரு அரைப்பக்கம் போடுங்கள். எங்கள் சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.