மகள் இருக்கும்போது பட்டம் ஏன் கைமாற வேண்டும்?

பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் பரம்பரைப் பட்டங்கள் மகள்களுக்கும் சேர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1941 ஜனவரியில் கென்யாவின் நைரோபிக்கு அருகே, ஸ்காட்லாந்தின் எரோல் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுக்களின் பட்டங்களில் ஒன்று) ஜோஸ்லின் ஹே காரில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருக்கு ஒரே பிள்ளை, டயானா. வயது 15. ஏர்ல் பட்டமும், 1314இல் ராபர்ட் புரூஸ் மன்னர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த ஸ்காட்லாந்து உயர் கான்ஸ்டபிள் என்ற பரம்பரை அரசவைப் பதவியும் டயானாவுக்கு வந்தன. அதே அப்பாவிடம் இருந்த கில்மார்னக் பிரபு பட்டம் மட்டும் சித்தப்பா கில்பர்ட்டுக்குப் போய்விட்டது. 1831இல் அதைக் கொடுத்தபோதே ஆண் வாரிசுக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள். பழைய ஸ்காட்லாந்துப் பட்டங்கள் பலவற்றில் அப்படி இல்லை. மகன் இல்லாவிட்டால் மூத்த மகள்தான் வாரிசு.

பட்டம் கிடைத்த பிறகும் டயானாவுக்கு முழு உரிமை கிடைக்கவில்லை. 1953இல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டியபோது, உயர் கான்ஸ்டபிளான டயானாவுக்குப் பதிலாக நின்றவர் அதே சித்தப்பா. முடி சூடுவது ஒரு பெண் என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. டயானா போன்றவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உட்காரவே 1963இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் சதர்லாந்து குடும்பத்திலும் இதே கதை. ஏர்ல் பட்டமும் அதைவிட உயர்ந்த டியூக் பட்டமும் வைத்திருந்த, பிள்ளையில்லாத ஐந்தாம் டியூக் இறந்ததும் ஏர்ல் பட்டம் அவருடைய தம்பி மகள் எலிசபெத்துக்கு வந்தது. டியூக் பட்டமோ தூரத்து உறவுக்கார ஆண் ஒருவரைத் தேடிப் போனது.

சொத்து விஷயத்தில் நீங்கள் எப்போதோ மாறிவிட்டீர்கள். மூத்த மகனுக்கே நிலம் என்ற வழக்கத்தை ஸ்காட்லாந்தில் 1964ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் ஒழித்தது. பட்டங்களை மட்டும் அதில் விட்டுவைத்தீர்கள். 2013இல் அரியணைக்கே அண்ணன் தம்பி முந்தும் வழக்கத்தை எடுத்தீர்கள். அதே ஆண்டு பட்டங்களிலும் மகள்களுக்குச் சம உரிமை கேட்டு மேலவைக்கு வந்த மசோதா மட்டும் சட்டமாகாமல் நின்றுபோனது.

பட்டத்தால் இன்று நிலமோ அதிகாரமோ தானாக வருவதில்லை, வெறும் பெயர்தானே என்பீர்கள். சரி, அந்தப் பெயரையும் அதோடு வரும் குடும்ப வரலாற்றையும் மகள் சுமக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே 'இது உனக்கில்லை' என்று தெரிந்தே வளரும் பெண்ணுக்கு அது வெறும் பெயர் இல்லை.

இப்போது பட்டம் வைத்திருக்கும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. அரியணைச் சட்டத்தில் 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு என்று வரம்பு வைத்தீர்களே, அதுபோல ஒரு தேதி குறித்து, இனிப் பிறக்கும் பிள்ளைகளில் மூத்தவருக்கே பட்டம் என்று எழுதுங்கள். 1831 போன்ற பட்டயங்களில் உள்ள 'ஆண் வாரிசு' நிபந்தனை அதைத் தடுக்காது என்றும் சட்டத்திலேயே சேருங்கள். இந்தக் கூட்டத்தொடரிலேயே 2013இல் நின்றுபோன அந்த மசோதாவை மறுபடி கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகர்