பறவை எண்ணிக்கையோடு குளத்தின் நீரளவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும், பறவைகள் சென்ற ஆண்டைவிடக் கூடின அல்லது குறைந்தன என்று ஒற்றை எண்ணோடு செய்தி வருகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பில் தன்னார்வலனாகச் சில ஆண்டுகள் கலந்துகொண்டவன் என்ற முறையில், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது பிழை என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் பக்கம் ஜனவரி என்பது பிசானம் எனும் பருவ நெற்பயிருக்குத் தண்ணீர் பாயும் காலம். வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்து குளம் நிரம்பி மறுகால் (உபரிநீர்) விழுந்தால், நீந்தியும் மூழ்கியும் இரை தேடும் நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் குறைவில்லை. ஆனால் கணுக்கால் தண்ணீரிலும் சேற்றிலும் இரை பொறுக்கும் உள்ளான், அரிவாள்மூக்கன் போன்றவற்றுக்கு அங்கே கால் ஊன்ற இடமிராது என்பதால் அவை வயல்களுக்கும் ஓரப் பள்ளங்களுக்கும் சிதறிவிடும். நாமோ குளக்கரையில் நின்றுதான் எண்ணுகிறோம். மழை பொய்த்த ஆண்டிலோ, சிறு குளங்கள் வறண்டு, நீர் மிஞ்சிய ஒன்றிரண்டில் எல்லாப் பறவைகளும் குவிய, இனமே பெருகிவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் குளங்கள் பல உடைந்தன. அடுத்த மாதத்து எண்ணிக்கையை முந்தைய ஆண்டோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் என்ன விளங்கும்?

இன்னொரு குறையும் உண்டு. பட்டைத்தலை வாத்துகளைக் காணலாம் என்பதால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போக ஆள் போட்டி போடுகிறார்கள் (நானும் போட்டியிட்டவன்தான்); கருவேலம் மண்டிய, பெயர் தெரியாத குளத்துக்கு எவரும் கை தூக்குவதில்லை. அப்படியே போய், ஒரு பறவையும் இல்லையென்று குறித்துக்கொண்டு திரும்பினாலும், அந்தச் சுழியம் மொத்தத் தொகையில் காணாமல் போகிறது.

குளங்கள் எத்தனை விழுக்காடு நிரம்பின என்ற விவரத்தை நீர்வளத்துறை மழைக்காலத்தில் வெளியிடுகிறது. கணக்கெடுப்பு நாளில் இருந்த நீரளவையும் அவ்வாறே பெற்று, வறண்டவை, பறவை இல்லாதவை உட்பட ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனியாக எண்ணிக்கையை வனத்துறை வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும் வருகிற ஜனவரியில் மொத்த எண்ணோடு அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.