காப்பித் தராசில் உப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸாப்பில் இவ்வளவு நீளம் எழுதினால் நீ படிக்க மாட்டாய், குரலில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய், அதனால்தான் ஈமெயில். ஆபீஸில் திறக்காதே, ராத்திரி சாப்பிட்ட பிறகு படி. இல்லையில்லை, சாப்பிடுவதற்கு முன்னாலேயே படித்துவிடு.

மாப்பிள்ளை நேற்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாயாம், அதற்காக அவர்மேல் கோபப்படாதே. நர்ஸ் பிரஷர் பார்த்ததில் 148க்கு 94 இருந்தது, ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். 34 வயசில். டென்ஷன்பா, இந்த புராஜெக்ட் முடிந்தால் இறங்கிவிடும் என்று நீ சொல்வாய். நானும் 2009இல் அதே மாதிரி ஒன்று சொன்னேன். நீ டென்ஷன் என்கிறாய், நான் வெயில் என்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. சித்திரை மாசம், உப்பளத்துக் கொட்டகையில் லாரி லோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வெளியே அம்பாரம் அம்பாரமாக உப்பு வெள்ளையாகக் கிடக்கும்போது கண் கூசுவது வழக்கம்தான் என்று ரெண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். 170க்கு 110. டாக்டர் கேட்டார், உப்பு எப்படி என்று. தொழிலே அதுதானே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் எப்படி என்றார். அளவாகத்தான் என்றேன், அதுவும் ரோஷத்தோடு. சரி, நேற்று சாப்பிட்டதையெல்லாம் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். காலையில் பழைய சோறு, மோர் மிளகாய் நாலு. மத்தியானம் சாம்பார், அப்பளம் மூன்று, நார்த்தங்காய் ஊறுகாய். சாயங்காலம் டீயும் ஒரு பொட்டலம் காரச்சேவும். ராத்திரி கருவாட்டுக் குழம்பு. சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது. அப்பளத்தில் உப்பு மட்டுமா, அப்பளக்காரமும் சோடியம்தானே என்றார் அவர். முப்பது வருஷம் உப்பு விற்றவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஆச்சிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நீ அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீதான் கஞ்சி ஊட்டுவாய், வாயின் ஒரு ஓரமாக வழியும், துண்டால் துடைத்துக்கொண்டே ஊட்டுவாய். ஆச்சிக்கு பிரஷர் இருந்தது என்பதே அவள் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வலிக்காது, காய்ச்சல் வராது, உள்ளேயே இருந்துகொண்டு ரத்தக் குழாயை அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் உன் 148ஐக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போனது. வேறொன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்த உப்பு வேறு, உனக்கு வருகிற உப்பு வேறு. நம்மூரில் சாப்பிடுகிற உப்பில் பெரும்பங்கு அடுப்படியில் நம் கையாலேயே போடுவது. கரண்டியைக் குறைத்தால் உப்பும் குறையும். உங்கள் ஊரில், அந்த இங்கிலாந்தில், முக்கால்வாசி உப்பு கடையில் வாங்கும்போதே சாப்பாட்டுக்குள் இருக்கிறது. நீ உப்பு டப்பாவைத் தொடவே வேண்டாம்.

போன ஐப்பசியில் லீட்ஸில் உன் வீட்டில் ஐந்து வாரம் இருந்தேனே, பொழுது போகாமல் பாக்கெட்டுகளின் முதுகைப் படித்துக்கொண்டிருப்பேன், உனக்கு நினைவிருக்கும். 'அப்பா மறுபடி ஆடிட் ஆரம்பிச்சாச்சு' என்று சிரிப்பாய். நான் உன் ஒரு நாள் உப்புக் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறேன், நோட்டு இப்போது கையில்தான் இருக்கிறது. காலையில் ரொட்டி இரண்டு துண்டு, 0.9 கிராம். அதோடு தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் அரை டின், 1.2. மத்தியானம் ஆபீஸுக்குக் கீழே வாங்கின ஹாம் சீஸ் சாண்ட்விச், 1.9, கூடவே சின்ன சிப்ஸ் பாக்கெட், 0.4. ராத்திரி களைத்து வந்து அந்தக் காரமான நூடுல்ஸ், மசாலா முழுசும் போட்டு, 4.2. அதற்கு மேலே கறுப்பு சோயா சாஸ் அரைக் கரண்டி, 1.1. கூட்டினால் 9.7 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, உங்கள் ஊர் அரசாங்கம் 6 வரைக்கும் விடுகிறது. நீ சாப்பிட்டது கிட்டத்தட்ட இரண்டு நாள் உப்பு, அதுவும் ஒரு தடவைகூட இன்னும் கொஞ்சம் உப்பு போடுப்பா என்று கேட்காமல்.

அன்றைக்கு ராத்திரி நீ தூங்கப் போன பிறகு மாப்பிள்ளை காப்பிக்கொட்டை நிறுக்கிற தராசை எடுத்து, அது 0.1 கிராம் வரை காட்டுமே, ஒவ்வொன்றுக்கும் உரிய உப்பைத் தனித்தனியாக நிறுத்து வெள்ளைச் சாஸரில் சின்னச் சின்ன அம்பாரமாகக் குவித்தேன். வாழ்நாள் பூராவும் டன்னில் கணக்கு எழுதினவன் தசமப் புள்ளி வைத்து உப்பு நிறுக்கிறேன், பார்த்துக்கொள். ரொட்டிக் குவியல் சிப்ஸ் குவியலைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்ததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்து மறுபடி நிறுத்தேன். சரியாகத்தான் இருந்தது. சிப்ஸில் உப்பு மேலாக ஒட்டியிருக்கிறது, நாக்கில் பட்டதும் கரிக்கிறது. ரொட்டியில் மாவோடு மாவாக உள்ளே கலந்து கிடக்கிறது, நாக்குக்குத் தெரிவதில்லை. இவ்வளவு வருஷம் ஒரு சிட்டிகை வாயில் போட்டே நல்ல உப்பா கசப்பு உப்பா என்று சொல்லிவிடுகிற ஆள் நான். அந்த நாக்கே இங்கே ஏமாந்துபோனது. அதனால் நாக்கை நம்பாதே, பாக்கெட்டின் முதுகைப் பார்.

காலையில் நீ எழுந்து வந்து சாஸரைப் பார்த்துவிட்டு, என்னப்பா இது கோலமா என்று கேட்டாய். நானும் ஆமாம் என்று சொல்லி அலம்பி வைத்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வந்த இடத்தில் மகளின் சாப்பாட்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

இந்தக் கம்பெனிக்காரர்கள் ஏன் இப்படிக் கொட்டுகிறார்கள் என்றால், கெடாமல் இருக்க என்பது பாதிக் காரணம்தான். ஹாம் மாதிரி கறியில் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை கூடும், தண்ணீரையும் கறி விலைக்கு விற்கலாம். நாள்பட்ட சரக்கின் கசப்பையும் தகர வாடையையும் அமுக்கும். ரொட்டியில் மாவுக்கு இழுவை கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, உப்பு மலிவு. எவ்வளவு மலிவு என்று எனக்குத் தெரியும், விற்றவன் நான்தானே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். அந்த நூடுல்ஸ் கம்பெனிக்காரனையுமா நினைக்க வேண்டும்?

உடம்பில் என்ன நடக்கிறது என்பதை உனக்கு வாய்க்காலை வைத்தே சொல்லலாம், சின்ன வயசில் என்னோடு பாத்தி வரப்பில் நடந்தவள்தானே. சோடியம் கூடினால் அதைக் கரைத்து வைக்க உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, தாகம் எடுக்கிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது. வாய்க்கால் அதே அகலம்தான், தண்ணீர் மட்டும் கூடினால் கரையை இடிக்கும். ஒரு நாள் இடித்தால் ஒன்றும் ஆகாது, மூத்திரத்தில் போய்விடும். பத்து வருஷம், இருபது வருஷம் இடித்தால் குழாய் தடித்து விறைத்துப்போகிறது, இதயம் அதிகம் தள்ள வேண்டியிருக்கிறது, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்கள் நைந்துபோகின்றன, மூளையில் ஒரு இடத்தில் அடைக்கும் அல்லது வெடிக்கும். உப்பு வெளியே போகும்போது கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, உனக்குக் கல் வந்த வருஷம் நினைவிருக்கிறதா? அதிக சோடியத்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 19 லட்சம் சாவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

வெயிலில் உப்பு வாரி, பெட்டியில் தலைச்சுமையாகத் தூக்கி, சட்டையில் உப்புப் பூக்கிற அளவுக்கு வேர்த்த பெண்களின் கணக்கு வேறு பாப்பா. நீ ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய்.

உங்கள் ஊரைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் படித்தேன். கிரஹாம் மெக்கிரகர் என்று ஒரு டாக்டர், 1996இல் உப்புக்கு எதிராகவே ஒரு அமைப்பு தொடங்கினார், அப்புறம் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. கம்பெனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார்கள், யாருக்கும் தெரியாமல். 2001இல் 100 கிராம் ரொட்டியில் சராசரியாக 1.23 கிராம் உப்பு இருந்ததாம், 2011இல் 0.98. ஊரே தின்றுகொண்டுதான் இருந்தது, ருசி மாறிவிட்டதே என்று தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1க்கு இறங்கியது. இப்படித் திருட்டுத்தனமாக நல்லது செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நீயும் உன் நாக்கிடம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும், ஒரே நாளில் நிறுத்தாதே. நான் ஒரேயடியாக நிறுத்தினேன், முதல் மூன்று வாரம் சோறு மண்ணாக இருந்தது, உன் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். இரண்டு மாசம் போனதும் கல்யாண வீட்டுச் சாம்பார் எனக்குக் கடலாகக் கரித்தது.

நூடுல்ஸை விடச் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை, மசாலாவில் பாதியைப் போடு, மிச்சத் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடு. டின் கொண்டைக்கடலையை வடிகட்டி நன்றாக அலசு. ரொட்டி வாங்கும்போது இரண்டை எடுத்து முதுகைப் பார், 100 கிராமுக்கு உப்பு 1.5 கிராமுக்கு மேல் போனால் உங்கள் ஊர்க் கணக்கில் சிவப்பு, அதாவது அதிகம், 0.3க்குள் இருந்தால் பச்சை, அதாவது குறைவு. நம் கடையிலிருந்து வருகிற முறுக்கு, மிக்ஸர் பாக்கெட்டில் உப்பு என்று போட்டிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும், அதை இரண்டரையால் பெருக்கிக்கொள். 800 என்றால் 2 கிராம் உப்பு.

அந்த ரோஸ் நிற உப்பு, இந்துப்பு, கால் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறத்துக்குக் காசு. கடல் தண்ணீர் சுண்டி அடர்த்தி 25 டிகிரி ஏறினதும் பாத்தியில் பூக்கிறதே, அதேதான். அதில் சேர்த்த அயோடின்கூடக் கிடையாது. சோடியம் குறைந்த உப்பு என்று பொட்டாசியம் கலந்து விற்கிறார்கள், அது நல்லது என்று சீனாவில் 600 கிராமங்களில் பார்த்திருக்கிறார்கள், பக்கவாதமும் குறைந்திருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது, உன் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதே.

இன்னொன்று, இதுதான் உன் வீட்டில் என்னை அதிகம் திடுக்கிட வைத்தது. தலைவலிக்கு டம்ளரில் போட்டுக் கரைத்துக் குடிக்கிறாயே, நுரை பொங்குகிற மாத்திரை, அதில் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் இருக்கிறது. ஒரு மாத்திரை, ஒரு கிராம் உப்பு. நீ ஒரு நாளைக்கு நாலு போடுகிறாய். மருந்துக் கடையில் சொல்லி, முழுங்குகிற மாத்திரையாக மாற்றிக்கொள். அந்தத் தலைவலியே எதனால் வருகிறது என்பதையும் டாக்டரிடம் கேள்.

அந்த ஒரு வார பிரஷர் கணக்கை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு. உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆன பிறகு பார்க்க வேண்டும், போன் பேசிக்கொண்டே பார்க்கக் கூடாது. 2009இலிருந்து என்னுடையதும் இதே நோட்டில்தான் இருக்கிறது, உனக்கு எதிர்ப்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

பார்சல் திங்கட்கிழமை போடுகிறோம். இந்த முறை ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மல்லிப்பொடி, புளி, கறிவேப்பிலைப் பொடி, வெல்லம் மட்டும். நேற்று ராத்திரி பெட்டியை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்தேன். உன் பழைய சுடிதாருக்குள் சுருட்டி ஒரு நார்த்தங்காய் பாட்டில் இருந்தது. அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பாட்டிலைத் திரும்ப அப்படியே வைத்துவிட்டு, கூடவே காதுக்கு மருந்து ஊற்றுகிற அந்தக் குட்டிக் கரண்டியையும் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அப்பா