புதுப்பித்தல் முடியும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்: மருந்து நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

விலை கூடிய உயிர்காக்கும் மருந்துகளைத் தயாரித்து, அவற்றை வாங்க வசதியில்லாதவர்களுக்கு உதவ நோயாளி உதவித் திட்டங்களையும் நடத்திவரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் திட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று, மருத்துவர் கையொப்பம், மருந்துச்சீட்டின் நகல், ஆண்டுதோறும் புதுப்பித்தல் எல்லாம் நீங்கள் வகுத்த விதிகள்தான். நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஏற்கெனவே உங்களிடம் மருந்து பெற்றுவரும் ஒருவருடைய புதுப்பித்தல் விண்ணப்பம் உங்கள் மேசையில் கிடக்கும் நாட்களில், அவருக்கு மருந்தை நிறுத்தாதீர்கள்.

என் அக்காவுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். முதலில் கொடுத்த இமாட்டினிப் மாத்திரை சில காலம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அதற்கு அடுத்த தலைமுறை மாத்திரைக்கு மாற்றினார்கள். இன்னும் காப்புரிமையில் இருக்கும் மருந்து என்பதால் மற்ற நிறுவனங்கள் அதே மருந்தை மலிவாகச் செய்து விற்கும் ஜெனரிக் கிடையாது. கைக்காசு போட்டு வாங்க எங்கள் குடும்பத்தால் முடியாது. உங்களில் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்துதான் அவர் மருந்து வாங்கிவந்தார். அந்த உதவிக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

இந்த முறை புதுப்பிக்க அனுப்பிய விண்ணப்பம் மொத்தமாகத் திரும்பி வந்தது. காரணம், ஒரு பக்கத்தில் மருத்துவமனை முத்திரை தெளிவாக விழவில்லையாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருக்கலாம். கையெழுத்துப் போட வேண்டிய மருத்துவர் விடுப்பில் இருந்தார். அவர் வந்து, முத்திரை வாங்கி மறுபடி அனுப்பினால், அக்கா வேலையை விட்ட பிறகும் போன ஆண்டு வருமானத்தை வைத்து வரம்பு மீறிவிட்டதோ என்று புதிதாக ஒரு கேள்வி. நோய் வந்ததால்தான் வேலை போனது என்று எழுதிக் கொடுத்தோம். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் மட்டும் வந்தது. மருந்து வரவில்லை. நிறுத்துகிறோம் என்று ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டபோது அக்கா பேசாமல் இருந்தார். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்க அலுமினியத் தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகப் பேனாவால் தேதி எழுதியிருந்தார், ஒருநாள் விட்டு ஒருநாள். “தினம் சாப்பிட்டா மாசக் கடைசில ஒண்ணுமே இருக்காதே, அதுக்கு இது பரவாயில்லன்னு நெனச்சேன்” என்றார். திட்ட வாயெடுத்தவன் அடங்கிவிட்டேன். யாரைத் திட்டுவது?

உங்களுக்குத் தெரியாததா? இந்த மாத்திரை, புற்றணுக்களைப் பெருகச் செய்யும் நொதியை அடக்குகிறது. உடம்பில் மருந்து இருக்கும்வரைதான் அந்த அடக்கம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் நோய் தலைதூக்கும், மருந்துக்கே கட்டுப்படாமல் போகவும் கூடும். அப்புறம் இதைவிட விலை கூடிய மருந்தைத்தான் தேட வேண்டும். தினமும் தவறாமல் சாப்பிடுங்கள் என்று பெட்டிக்குள் தாள் வைத்து அனுப்புகிறவர்கள் நீங்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பதை நடத்திக்காட்ட மருந்து கையில் இருக்க வேண்டாமா?

வேறு வழி பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்க்காமல் இல்லை. காப்பீடு ஒரு வரம்போடு நின்றுவிட்டது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் சில அறக்கட்டளைகளுக்கு எழுதினார், நல்ல மனிதர். அவர்கள் கேட்டது நிறுவனம் மறுத்துவிட்டது என்ற கடிதம். நீங்களோ மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மறுத்திருந்தால்கூட அடுத்த வாசலில் போய் நின்றிருப்போம். “பரிசீலனை” என்ற சொல் எங்களுக்கு எல்லா வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டது.

விலையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013-இல் இந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் ‘பிளட்’ மருத்துவ இதழில் சேர்ந்து எழுதினார்கள், இந்த மாத்திரைகளின் விலை தாங்க முடியாத உயரத்தில் இருக்கிறது என்று. எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-இல் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. விலை என்பது தலைவிதி அல்ல, மனிதர்கள் முடிவு செய்வது என்று அன்றைக்கே உலகம் பார்த்துவிட்டது. மருந்துகளின் உண்மையான கொள்முதல் விலையை வெளிப்படையாக்க வேண்டும் என்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. இன்னும் அந்த விலைகள் பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தங்களுக்குள்தான் இருக்கின்றன. உங்கள் ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். அக்கா இன்று உயிரோடு இருப்பது அந்த ஆராய்ச்சியால்தான். ஆனால் கண்டுபிடித்த மருந்து தேவைப்படுகிறவரைச் சேராமல் உங்கள் கிடங்கில் இருந்தால் அந்த ஆராய்ச்சியால் அவருக்கு என்ன பயன்?

சரி, விலையை நாளைக்கே குறையுங்கள் என்று கேட்க நான் இந்த மடலை எழுதவில்லை. மறுபடியும் அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். முடிவு சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரையை இடைக்கால உதவியாக அனுப்பிவிட்டு, தாள்களை நிதானமாகச் சரிபாருங்கள். குறை இருந்தால் எந்தப் பக்கம் என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். நோயால் வேலை இழந்தவருக்கு இன்றைய வருமானத்தைக் கணக்கில் எடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சீக்கிரம் தாருங்கள்.

என் அக்காவின் விண்ணப்பம் இப்போதும் உங்களில் ஒருவரிடம் நிலுவையில் இருக்கிறது. அவரைப் போல் காத்திருக்கும் மற்றவர்களின் விண்ணப்பங்களும் அங்கேதான் இருக்கும். அவர்கள் எல்லோருக்கும், முடிவு வரும்வரை மருந்தை அனுப்பிக்கொண்டிருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி