ராணி வேண்டாம், யானை போதும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய செஸ் புதிரைப் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். கடைசி வரிசையை எட்டிய சிப்பாயை ராணியாக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் டிராவில் முடிகிறதே, புதிரிலேயே பிழை இருக்குமோ என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை.

சிப்பாய் சி7க்கு நகர்ந்ததும் அதை நேராகத் தடுக்க வழியில்லாத யானை, டி6-ல் செக் வைக்கும். ராஜா பி7க்கு ஏறினால் யானை டி7க்கு வந்து சிப்பாயைக் கட்டிப்போடும். சி5க்குப் போனால் யானை டி1க்கு இறங்கி, சிப்பாய் ராணியானதும் சி1-ல் செக் வைத்து, ராஜா விலகியவுடன் பின்னால் நிற்கும் ராணியை வெட்டிவிடும். எனவே ராஜா பி5, பி4, பி3 என்று ஒவ்வொரு செக்குக்கும் ஒரு கட்டம் இறங்கி வந்து, யானை டி3-ல் செக் வைக்கும்போதுதான் சி2க்குப் போக வேண்டும். அங்கே நிற்கும் ராஜா டி1-ஐயும் காப்பதால் அந்தத் தந்திரம் இனிப் பலிக்காது. இதுவரை நீயும் சரியாகவே வந்திருக்கிறாய்.

கறுப்பின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அடுத்து வருகிறது. யானை டி4க்குச் செல்கிறது. நீ சிப்பாயை ராணியாக்கினால் அந்த யானை சி4-ல் செக் வைத்துத் தன்னையே பலி கொடுக்கும். ராணி அதை வெட்டியதும் ஏ2 கட்டம் ராணியின் மூலைவிட்டப் பார்வையில் விழ, பி1, பி2 இரண்டையும் வெள்ளை ராஜா அடைத்திருக்க, செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் ஆட்டம் டிரா ஆகி, கறுப்பு ராஜா தப்பித்துக்கொள்ளும்.

கிளாஸ்கோவில் 1895-ல் பார்பியர் என்பவர் தம் பத்திரிகைப் பத்தியில் இதைக் கறுப்பு டிரா செய்யும் புதிராகவே வெளியிட்டார். அந்த நகரில் அப்போது வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் சாவெத்ராதான் வெள்ளை வெல்லும் வழியைச் சுட்டிக்காட்டினார். பெரிய ஆட்டக்காரராக அவர் அறியப்பட்டவர் அல்லர். இந்த ஒரு நகர்வுக்காகவே செஸ் உலகம் அவர் பெயரை இன்றும் சொல்கிறது.

அந்த நகர்வு, சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்குவது. யானைக்கு மூலைவிட்டப் பார்வை கிடையாது என்பதால், சி4-ல் கறுப்பு யானையை அது வெட்டினாலும் ஏ2 திறந்தே இருக்கும். கறுப்பு ராஜா அங்கே போனதும் நம் யானையை ஏ4-ல் வைத்தால் செக்மேட். அந்தப் பலி இனி உதவாது. மறுபுறம் ஏ8-ல் செக்மேட் என்ற மிரட்டல் நிற்பதால், கறுப்பு தன் யானையை ஏ4க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். அப்போது நம் ராஜா பி3க்கு வருகிறது. ஒரே நகர்வில் ஏ4 யானைக்கும் ஆபத்து, சி1-ல் செக்மேட் என்ற ஆபத்தும். இரண்டையும் சேர்த்துத் தடுக்கக் கறுப்பிடம் எதுவும் இல்லை. எனக்கு யானையாக்கிய நகர்வைவிட இந்தச் சின்ன ராஜா நகர்வே அதிகம் பிடித்திருக்கிறது.

நீ போனில் ஆடுபவள். எட்டாவது வரிசையை எட்டியதும் சிப்பாய் தானாகவே ராணியாகும்படி அமைப்பு வைத்திருந்தால், அதை நிறுத்திவிட்டு இதை ஆடிப் பார்.

அன்புடன்,
அம்மா